அண்ணனின் கால் கட்டைவிரல்

பிள்ளைகளா, உங்கள் பெரியப்பாவின் குறட்டையை நீங்கள் இரண்டு பேரும் வாயால் செய்து காட்டிச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் குறட்டை சட்டென்று நின்றபோது நான் ஏன் சாப்பிடுகிற கையோடு எழுந்து ஓடினேன் என்று ஒருநாள் கேட்டீர்கள். அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் பவுண்டரி ஒன்றில் அண்ணனும் நானும் வேலை செய்தோம். அவர் கூரைக்கடியில் ஓடும் கிரேனை ஓட்டுவார். நான் கீழே நின்று அவருக்குக் கை காட்டுகிறவன். என் கை உயர்ந்தால் ஏற்றுவார், கவிழ்ந்தால் இறக்குவார். காய்ச்சிய இரும்பு நிறைந்த வாளி எங்கள் தலைக்கு மேலாகத்தான் போகும்.

இருவருக்கும் எப்போதும் இரவு ஷிப்டு. பகலில் அயனம்பாக்கம் வீட்டில் ஒரே அறையில் படுப்போம். அண்ணன் குறட்டை விடுவார், திடீரென்று மூச்சே இருக்காது. மார்பு மட்டும் ஏறி ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. நான் அரைத்தூக்கத்திலேயே அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுப்பேன். ஒரு செருமலோடு மூச்சு திரும்பும். பல வருடப் பழக்கம். நோய் என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஷிப்டு முடிந்து இறங்கும்போது அண்ணனுக்குக் கண் சிவந்து நீர் கட்டியிருக்கும். குடித்துவிட்டு ஏறுகிறார் என்று பேச்சு. நானே ஒருமுறை தெரியாததுபோல் அவர் வாயை முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் இரவு வாளி பாதி வழியில் நின்றது. 'போ' என்று கை காட்டினேன். நகரவில்லை. விசில் ஊதினேன். அடியில் நான்கு பேர் குனிந்து மண் அச்சுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நான் காட்டாமலே வாளி இறங்க ஆரம்பித்தது. "ஓடுங்கடா" என்று கத்தினேன். ஓடினார்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் இருக்கும்போது வாளி ஆடிக்கொண்டு நின்றது. ஒரு தம்ளர் அளவு இரும்பு மண்ணில் சிந்திப் பொரிந்தது. அண்ணன் லீவர் மேல் கை சரியத் தூங்கிப்போய், என் கத்தலில்தான் விழித்து நிறுத்தியிருக்கிறார்.

விடிந்ததும் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "வியாதின்னா டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், கீழே வேற வேலை தரேன். வியாதி இல்லேன்னா வேலைல தூங்கினதுதான். நாளைக்குக் காகிதத்தோட வா, இல்லேன்னா வராதே."

பூந்தமல்லி ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தூக்கத்தில் மூச்சு நின்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், அதை விரலில் கிளிப் மாட்டி அளக்கலாம் என்றார். அண்ணன் பகலில் தூங்குகிறவர் என்பதால் அன்று காலையே படுக்க வைத்தார்கள்.

மெஷின் பார்க்கிறவர் பூந்தமல்லி பாய் ஒருவர். அண்ணனின் விரலைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, நகத்துல பாதி பாக்டரியே கீது," என்று சொல்லி ஸ்பிரிட்டால் கரியைத் துடைத்துக் கிளிப்பை மாட்டினார். சிவப்பு எண் எரிந்தது: தொண்ணூற்றேழு. பக்கத்தில் காகிதச் சுருளில் ஊசி கோடு போட்டுக்கொண்டு போனது. என்னைக் கால்மாட்டில் ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் காகிதத்தை டாக்டர் பார்த்தார். கோடு மேலேயே நேராக இருந்தது. "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு. இதை வெச்சு நான் எதுவும் எழுதித் தர முடியாதுப்பா," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்ப வியாதி இல்ல. நான் சோம்பேறிதான். அவனுங்க சொன்னது கரெக்டு."

"அப்டி சொல்லாதண்ணா."

"வேற எப்டி சொல்றது? நாலு பேரைக் கொல்லப் பாத்துட்டு நார்மலாம்." செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தார். "அது இன்னாடா, கட்டவெரலு இப்டி வலிக்குது?"

கால்மாட்டில் இரண்டு மணி நேரம் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியாது. மூச்சு நிற்க விடாமல் இழுத்து இழுத்து நான்தான் அந்தக் கோட்டை நேராக்கியிருக்கிறேன்.

அடுத்த நிறுத்தத்தில் அவரை இழுத்துக்கொண்டு இறங்கினேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பினபோது பாய் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"நீ டெஸ்டுக்கு வந்தியா, உன் அண்ணனுக்குக் காலு புடிச்சுவுட வந்தியா? சரி, தூங்கி எழுந்த ஆளுக்கு மறுபடியும் தூக்கம் வருமா?"

"நின்னுகினே தூங்கும் பாய்."

அண்ணன் தலையணையில் சாய்ந்தார், தூங்கினார். பாய் இந்த முறை கூடவே உட்கார்ந்தார். "ரெண்டு கையையும் தொடைக்குக் கீழ வச்சுக்கோ. எடுத்தன்னா வெளில அனுப்பிடுவேன்."

குறட்டை ஏறியது. ஏறி, நின்றது.

தொண்ணூற்றாறு. வெகு நேரம் அங்கேயே நின்றது. பிறகு தொண்ணூற்றொன்று. எண்பத்தைந்து. அண்ணனின் வயிறு உள்வாங்கித் துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மூக்கில் காற்று இல்லை. எண்பது. கட்டைவிரல் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"எழுப்பட்டுமா பாய்?"

"எழுப்பினா பேப்பர்ல ஏறாது."

எழுபத்து நான்கு. உதடு நாவற்பழ நிறமானது. மெஷின் கூவ ஆரம்பித்தது. என் தொடைக்கடியில் விரல்கள் தாமாக அசைந்தன. நான் அவற்றின் மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தேன். இந்த மனிதரின் கிரேனை என் கை அசைவில் நிறுத்தியிருக்கிறேன், இப்போது கையை அசைக்காமல் அவர் சாவதைப் பார்க்கிறேனா என்று தோன்றியது. பாயும் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

ஒரு பெரிய செருமல். மூச்சு வந்துவிட்டது. ஆனால் எண் மேலும் இறங்கியது. எழுபது. அறுபத்தெட்டு.

"மூச்சு வந்துடுச்சே, ஏன் இறங்குது?"

"வெரலு வரைக்கும் ரத்தம் வந்து சேர வேணாமா? இரு."

அறுபத்தெட்டில் நின்று, மெல்ல ஏறித் தொண்ணூறைத் தாண்டியது. உடனே குறட்டை, உடனே நிசப்தம், மறுபடியும் இறக்கம். ஒரு மணி நேரம் இப்படியே போனது. காகிதத்தில் கோடு ரம்பத்தின் பல்லாக இருந்தது.

டாக்டர் அந்தச் சுருளை விரித்துப் பார்த்துவிட்டு, உட்காராமலே எழுதிக் கொடுத்தார். இவர் தூங்குவது இவர் கையில் இல்லை, ராத்திரி வேலையும் உயரத்து வேலையும் கூடாது என்று அதில் இருந்தது. உடம்பைக் குறைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்றும் சொன்னார். அண்ணன் அந்தக் காகிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தூங்கினா வேலை போவும். எனக்குத் தூங்கினதுல வேலை நெலச்சிகீது. பார்றா."

மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அண்ணன் பகல் ஷிப்டில், தரையில், ஸ்டோருக்குப் போனார்.

அன்று மாலை என் ஷிப்டுக்கு முன்னதாகவே போய், புது ஆள் வருவதற்குள் ஏணியில் ஏறி அண்ணனின் கிரேன் கேபினுக்குள் நுழைந்தேன். அவருடைய துண்டை எடுத்துவரத்தான் போனேன். துண்டுக்கு அடியில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. திறந்தேன். பச்சை மிளகாய். காம்பு கிள்ளியது, வாடியது, நிறைய. விழித்திருப்பதற்காக ஒவ்வொரு இரவும் அவர் இதைத்தான் கடித்திருக்கிறார். கண் சிவந்தது குடியால் அல்ல. ஒன்று பாதி கடிபட்டு, பல் பதிந்த அடையாளத்தோடு கிடந்தது.

நான் அவர் இருக்கையில் உட்கார்ந்து அந்தப் பாதி மிளகாயை வாயில் போட்டு முழுவதும் மென்றேன். பிறகு டப்பாவைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.