நான் போடாத கோலம்

எனக்கு ஊர் கீரனூர். முகநூல் கோலக் குழுவில் சிநேகிதியானவள் செல்வி. கோயம்புத்தூர்க்காரி என்றாள். தினமும் வாசலில் கோலம் போட்டதும் அவளுக்குத்தான் முதலில் படம் அனுப்புவேன்.

போன மாதம், "நாளைக்குக் கோலம் இல்ல, ஆவுடையார்கோவில் போறோம்" என்று எழுதினேன். "வாசல் வெறிச்சுன்னு கெடக்குமே அக்கா" என்று பதில் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் திரும்பினால், பூட்டிய வீட்டு வாசலில், அவள் எனக்கு எப்போதோ அனுப்பிய அதே தாமரைக் கோலம்!

எதிர்வீட்டு அக்கா சொன்னார்: "ஒங்க தம்பின்னு ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போனாரு. நீங்க எப்ப வருவீங்கன்னு கேட்டாரு."

எனக்குத் தம்பியே கிடையாது.

நான் அனுப்பிய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். கதவு எண்ணும் தெருப் பலகையும் பளிச்சென்று தெரிந்தன. உடனே செல்வியை பிளாக் செய்தேன். அவளா, அவனா, இன்னும் தெரியாது.

இப்போதும் கோலம் போடுகிறேன். படம் எடுப்பதில்லை. ஆனால் காலையில் கதவைத் திறக்குமுன் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக்கொள்கிறேன், யாராவது முந்திக்கொண்டு போட்டிருக்கிறார்களா என்று.