தெரு வளைந்த இடம்

சித்தன்னவாசல் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு செம்மண் மேட்டில், 1934 கோடையில் இருளாயியும் அவள் புருஷன் மலையாண்டியும் வீடு கட்டத் தொடங்கினார்கள். கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டுத் தாழ்வாரத்திலேயே குடித்தனம் செய்தவள் இருளாயி. தனி அடுப்பு வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வாங்கிய இடம் அது.

கடைகால் தோண்டும்போது கடப்பாரை 'ணங்'கென்றது. பெரிய பலகைக்கல். நெம்பிப் புரட்டினால், நாலு பக்கமும் கல் நிறுத்திய குழி. குழிக்குள் ஒரு தாழி. அஸ்திவாரத்துக்குக் கல் கிடைத்துவிட்டதென்று மலையாண்டிக்கு வாயெல்லாம் பல்.

இருளாயி தாழிக்குள் கைவிட்டாள். மண்ணோடு எலும்புத் துண்டுகள் வந்தன. துருவேறிய கத்தி ஒன்று. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக, விளிம்பு உடையாத ஒரு கிண்ணம்.

"இது யாரையோ வச்ச எடம்ங்க."

"எந்தக் காலத்து ஆளோ! கோயில் குளமெல்லாம் வாரதுக்கு முந்தி. இனிமே யாரு வந்து கேக்கப் போறா?"

"கேக்க ஆளில்லேன்னா தலைமாட்டுல அடுப்பு வச்சுருவீங்களா? திங்கக் கிண்ணம் வச்சு அனுப்பியிருக்காங்க, பாருங்க. அங்கிட்டு தள்ளிக் கட்டுவோம்."

"அங்கிட்டு பாறை. வாசல் கோணிக்கிரும்."

"கோணட்டும். நாந்தான நொழையப் போறேன்?"

இரண்டு நாள் கடைகால் அப்படியே கிடந்தது. பிறகு அவனே பலகைக்கல்லால் குழியை மூடினான். அதற்கு முன் அவள் கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பாறையில் வேலை நகரவில்லை. கூரை போடுமுன் மழை பிடித்து, ஒரு சுவர் கரைந்தே போயிற்று. இருளாயி மறுபடி மண் குழைத்து மிதித்தாள். "யாரக் கோவிச்சுக்கிட்டு ஒன் வீடு திரும்பி நிக்குது?" என்று நாத்தனார் செவந்தி கேலி செய்தாள்.  அந்தத் தை மாதம் இருளாயி தன் அடுப்பில் பால் பொங்கவைத்தாள்.

அடுத்து வீடு கட்டிய செல்லமுத்து, ஒரு சுவர் மிச்சமென்று அவர்கள் சுவரை ஒட்டியே கட்டினான். மற்றவர்களும் அதே வரிசை பிடித்தார்கள். கல் மூடிய இடத்தைச் சுற்றி வளைந்து ஒரு தெரு உண்டாயிற்று.

1946-இல் தெருவை அளக்க வந்த சர்வேயர் சங்கிலியை நிறுத்திவிட்டு, "நேரா விடாம ஏன் இங்க வளைச்சீங்க?" என்றார். இருளாயி வாயெடுப்பதற்குள் மலையாண்டி முந்திக்கொண்டான்.

"அங்க ஆளு இருக்காங்கய்யா."

"யாரு? கூப்பிடுங்க."

"வரமாட்டாங்கய்யா. நமக்கெல்லாம் முந்தி குடிவந்தவங்க."

சர்வேயர் மேட்டில் ஏறிக் கல்லைப் பார்த்தார். சங்கிலியை வளைத்துப் பிடிக்கச் சொன்னார்.