வெடி இறாலுக்கு இரண்டு வாசல்

குடிக்கிற தண்ணீரையே விலைக்கு வாங்கும் ஊரில், கடல் தண்ணீரைக் கேன் கேனாக வரவழைத்த குடும்பம் எங்களுடையது. சிவகாசியில் அதற்கு முன்பு யாரும் அப்படிச் செய்ததாகக் கேள்வி இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் நான் ஒரு வாளியைச் சிந்திவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற அம்மா, அந்தக் கேன்கள் வந்து இறங்கியபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டேன், அதனால் எல்லோரும் பாடுபடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஒரே பெண்ணாகப் பிறந்தால் இப்படித்தான் நினைப்பு வரும்.

ஆசைப்பட்டது ஓர் இறாலுக்கு. அப்பாவின் போனில்தான் அதைப் பார்த்தேன். விரல் நீளம் இருக்கும். உடம்பு முழுக்கப் பச்சையும் நீலமும் சிவப்பும். கண்கள் இரண்டும் குச்சி முனையில் நின்று ஆளுக்கொரு பக்கம் சுழன்றன. முன்னால் மடித்து வைத்திருந்த கையை நீட்டி அது ஒரு நத்தையைக் குத்தியது. ‘டப்’ என்றொரு சத்தம், ஓடு தூள். மாண்டிஸ் இறால் என்று வீடியோவில் சொன்னார்கள். சில சமயம் தொட்டிக் கண்ணாடியையே குத்தி விரிசல் விட வைத்துவிடுமாம். பட்டாசு ஊர்ப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நிமிஷமே அதற்கு வெடி இறால் என்று பெயர் வைத்துவிட்டேன்.

அப்பா காலண்டர் அடிக்கும் அச்சகம் வைத்திருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவர், “இந்தப் பச்சை நாலு கலர்ல வராது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். அம்மா, பூச்சி புழுவெல்லாம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மிச்சம் இருந்தது மாமா ஒருவர்தான்.

மாமா அம்மாவின் தம்பி. ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிக்கிற சாமான்களுக்கெல்லாம் எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். அந்த மருந்து கலக்கும் அறை மாமாவின் பொறுப்பில் இருந்தது. அந்த வருஷம் கோடையில் அது வெடித்தது. சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் மாடிக்கு ஓடுவார்கள், புகை எந்தத் திசையில் என்று பார்க்க. அம்மாவும் ஓடினாள். பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. லோடு வந்திருக்கிறது என்று கூப்பிட்டதால் கேட் வரைக்கும் போயிருந்தார். உள்ளே இருந்தவர் அவருடைய கூட்டாளி. இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பைக்கில் போய் வருகிறவர்கள். அவர் பிழைக்கவில்லை.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். கல்யாணமாகாத மாமாவை அம்மா எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பக்கத்துத் தெருவில் கதவு அறைந்தாலும் தூக்கிவாரிப்போடும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “நல்லவேளை, நீ அங்கன இல்ல.” அம்மாவும் சாமி படத்தைப் பார்த்து அதையேதான் சொன்னாள். அந்த வார்த்தை காதில் விழுந்தால் மாமா சாப்பிடுகிற தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார். நல்லதைத்தானே சொல்கிறார்கள், இதற்கு ஏன் கோபம் என்று நான் நினைப்பேன்.

அம்மாவுக்கு இன்னொரு கவலை இருந்தது. கூட்டாளி வீட்டுக்கு மாமா கேதம் கேட்கப் போகவில்லை. எங்கள் பக்கம் பகையாளி வீட்டில் சாவு என்றாலும் போய்த் தலையைக் காட்டி, நாலு வார்த்தை துக்கம் விசாரித்துவிட்டு வருவார்கள். அங்கே காரியமெல்லாம் முடிந்தே நாளாகியிருந்தது. “போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்துருடா தம்பி. அவரு பொஞ்சாதிப் புள்ள வாசலப் பாத்துக்கிட்டு இருக்குமுல்ல” என்று அம்மா அழுவாள். “அது மொகத்துல எப்பிடிக்கா முழிப்பேன்” என்பார் மாமா. அந்த வீட்டு வாசலை மிதிக்காதவரை தம்பி மனுஷனாக மாட்டான் என்று அம்மா உறுதியாக நம்பினாள். எனக்கு உறுதியாகத் தெரிந்ததெல்லாம், எனக்கு இறால் வேண்டும் என்பதுதான்.

போனைக் கொண்டுபோய் மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். ‘டப்’ சத்தத்துக்குத் துள்ளி விழுந்தார். அப்புறம் மறுபடியும் போடச் சொன்னார்.

“தண்ணிக்குள்ளயா வெடிக்குது?”

“ஆமா மாமா.”

“நெருப்பு?”

“நெருப்பெல்லாம் இல்ல.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல பாப்பா?”

“நத்தைக்கு ஆகும்.”

மாமா சிரித்துவிட்டார். அடுக்களையில் பாத்திரம் விளக்குகிற சத்தம் சட்டென்று நின்றது. அன்று சாயங்காலமே பூச்சி புழுவுக்கு அம்மா அனுமதி கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைத் தொட்டி வைப்பது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு பட்டாசுக் கம்பெனியே எழும்பியது. அப்பா கழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் வெள்ளைப் பக்கத்தில் மாமா பிளான் போட்டார், நான் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டேன். முன்பக்கம் முருகன், பின்பக்கம் இறால் வீடு. தொட்டிக்கு இரண்டு வாசல் உள்ள அறைதான் வேண்டும் என்றார் மாமா. அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, அப்பா பேப்பர் பண்டல் அடுக்கி வைத்திருந்த அறை.

“ஒரு எறாலுக்கு எதுக்குய்யா மாப்ள ரெண்டு வாசல்?” என்றார் அப்பா.

“எறாலுக்கு இல்ல அத்தான். பாக்க வாரவுக ஓடணுமுல்ல.”

அப்பா வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மறுநாள் பண்டல்கள் எல்லாம் எங்கள் படுக்கையறைக்கு வந்துவிட்டன. காலண்டர் சீசன் முடியும்வரை நாங்கள் அச்சு வாசனையில்தான் தூங்கினோம்.

கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும்படி ஆசாரியை வைத்து மாற்றப்பட்டன. செருப்புப் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது. போன் கூடாது. ஒரே நேரத்தில் கூட்டம் சேரக்கூடாது. தண்ணீர் நிரம்பிய தொட்டிக்குப் பக்கத்தில், தீயணைக்க ஒரு வாளி மணலும் வைத்தார். அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்காமல் போனார்.

தூத்துக்குடியில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த ஒருவரிடம் மாமா தினமும் போனில் பேசினார். கண்ணாடி எவ்வளவு கனம் இருக்க வேண்டும், ஒளிந்துகொள்ளப் பைப் எந்த அளவு, கல் எப்படி அடுக்குவது எல்லாம் அவர் சொன்னதுதான். கடல் தண்ணீர்க் கேன்களும் அவர் ஏற்றிவிட்டதுதான். ஒருநாள் அவர், “இரும்பு மட்டும் உள்ள போட்டுராதீக, உப்புத் தண்ணிக்குத் துருவேறிரும்” என்றார். மாமாவுக்கு முகமே மாறிவிட்டது. மருந்து அறையிலும் இரும்பு ஆகாது, உரசினால் பொறி பறக்கும். அங்கே எல்லாம் செம்பும் பித்தளையும் மரமும்தான். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும், உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட்டை அதைத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

“பாத்தியா பாப்பா, தொட்டிக்கும் இரும்பு ஆகாதாம்” என்று மாமா பெருமையாகச் சொன்னார். தொட்டியில் கல்லெல்லாம் செம்புக் கம்பியால் கட்டப்பட்டது. விளிம்பில் ஒரு செம்புத் தகடு ஏறியது, அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள் மணல்வரை இறங்கியிருந்தது. கையை விடுகிறவர்கள் முதலில் அதைத் தொட வேண்டும். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தொட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கோயில் மணிகூட அவ்வளவு அடித்ததில்லை.

தண்ணீர் பக்குவப்பட வாரக்கணக்கில் ஆகும் என்றார் கடைக்காரர். நான் அழுதேன், அம்மாவுக்குச் சந்தோஷம். மாமா இப்போது நேரத்துக்குச் சாப்பிட்டார், சவரம் செய்தார், அப்பாவோடு டீக்கடை வரைக்கும் போய் வந்தார். கேதத்துக்கு மட்டும், “தொட்டி முடியட்டும்க்கா, போறேன்” என்பார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, தொட்டி முடிகிற நாளை என்னைவிட ஆவலாக எதிர்பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசியில் ஒரு பாட்டிலுக்குள் உட்கார்ந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது எங்கள் வெடி இறால். உண்மையாகவே அத்தனை நிறமும் இருந்தது. மூன்று பேருக்கு மேல் கூடாது என்பதால் அப்பா வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார். மாமா நத்தை ஒன்றைப் போட்டார். ‘டப்’ என்றதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் பொத்தினார். மறுநாள் கையைக் கட்டிக்கொண்டு, அது எப்போது குத்தும் என்று காத்திருந்தார். எனக்கும் என் மாமாவுக்கும் அதைப்போல் ஒரு சந்தோஷமான நாள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆனால் அது தின்பது சீக்கிரமே குறைந்தது. நத்தை பக்கத்தில் ஊர்ந்தாலும் பைப்பை விட்டு வெளியே வரவில்லை. புதுத் தண்ணீர் மாற்றினால் சரியாகும் என்று மாமா பஸ் ஸ்டாண்டுக்குக் கேன் எடுக்கப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் இறால் பைப்பிலிருந்து வழுக்கி வெளியே வந்து, பக்கவாட்டில் சாய்ந்து, காலை ஆட்டிவிட்டு நின்றுவிட்டது. நான் வீறிட்டேன். அப்பா ஓடிவந்து கடைக்காரருக்குப் போன் போட்டு, தொட்டியில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“செம்பா?” என்று அந்தப் பக்கம் அலறல் கேட்டது. “எய்யா, செம்பு அதுக்கு வெசமுல்லா! தண்ணியில ஊறி எறங்கிக் கொன்னுரும். தொட்டிக்குள்ள செம்பு வப்பீகன்னு நான் கனவா கண்டேன்?”

மாமா இரண்டு கையிலும் கேனோடு வந்து வாசலில் நின்றார். அப்பாதான் சொன்னார். மாமா கேனை இறக்கினார், உள்ளே வந்து செம்புத் தகட்டைத் தொட்டார், பழக்கம். பிறகு தொட்டியையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“நான் இங்கன இருந்திருந்தா ஏதாச்சும் பண்ணிருக்கலாமோ?”

“நல்லவேளை, நீ...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள். எனக்கோ கோபம் உச்சந்தலையில் ஏறியிருந்தது. இத்தனை நாள் விதி, தகடு, மணல் வாளி என்று படுத்தியெடுத்துவிட்டு, இப்போது இருந்திருந்தாலாம்!

“நீங்க அங்கனயே உக்காந்திருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும்” என்று கத்தினேன். “எல்லாம் முன்னாடியே கெட்டுப்போச்சு. உங்களால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது!”

அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொருக்கச் சொல்லு பாப்பா.”

வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்து, இன்னும் சத்தமாக அதையே சொன்னேன். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு இறாலுக்குப் போய் இப்படி அழுகிறாரே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அழவேண்டியது நான்தானே? அம்மா என்னை அடிக்கவில்லை. அப்பா அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலையில் மாமா வெள்ளை வேட்டி கேட்டார். அம்மா உடனே எடுத்துக் கொடுத்தாள். “பாப்பாவும் வரட்டும்க்கா” என்றார் மாமா. எனக்குப் போகவே இஷ்டமில்லை, கோபம் தீரவில்லை. இழுத்துக்கொண்டு போனார்.

ஆலங்குளம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். கூட்டாளியின் மனைவி மாமாவைப் பார்த்ததும் பாயை விரித்தார். சுவரில் மாலை போட்ட படம். மாமா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அங்கே இருந்த கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே,” என்றார் அந்த அக்கா, “நீங்க கூட இருந்திருந்தா அவுக பொழைச்சிருப்பாகளாண்ணே?”

மாமா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இல்ல தாயி. நான் அங்கனயே உக்காந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். எல்லாம் முன்னாடியே கெட்டுப்போச்சு. என்னால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது.”

அந்த அக்கா வாய்விட்டு அழுதார், மாமாவும் அழுதார். பிறகு அந்த அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், “சாப்பிட்டீகளாண்ணே?” என்று கேட்டபடி எங்கள் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் இறாலுக்காக நான் திட்டியதை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாரே இந்த மாமா என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் மாமா பைக்கை ஒரு கடையில் நிறுத்தி எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். இறாலுக்கு ஈடுகட்டுகிறார் என்று புரிந்துகொண்டேன். அவ்வளவு நிறமான ஓர் இறாலுக்கு இது போதாது என்று தோன்றியதால் இன்னொன்று கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் அதையும் வாங்கித் தந்தார்.