எத்தனை எண்ணுக்குள்

கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, அது தானாக மூடிக்கொள்ளாதபடி ஒரு டயாப்பர் பெட்டியைக் காலால் தள்ளி அணை கொடுத்தார் சங்கிலிமுத்து. இது இரண்டாவது முறை. முதலில் வைத்த பெட்டியைக் கடைக்காரர் லட்சுமிகாந்தம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். ஏசிக் காற்று தெருவுக்குப் போகிறது என்று பதமாகச் சொல்லியும் பார்த்தார்.

"காத்து போனா போகட்டும் அண்ணாச்சி. ஆளு போக வளி வேணும்லா?"

"அப்பாவை விட்ருங்கண்ணாச்சி," என்றாள் கூட வந்த பொன்மணி. "பயராபீஸ் போர்மேன்."

சிவகாசியில் கடை வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. லட்சுமிகாந்தம் ஏசியை அணைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டார்.

சங்கிலிமுத்து ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பயராபீஸில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். அங்கே ஒவ்வொரு அறைக்கும் நான்கு கதவுகள். எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. காலையில் வேன் வந்து ஆட்களை இறக்கியதும், அவர் அறை அறையாகப் போய்க் கதவுகளைத் தள்ளிப் பார்ப்பார். பிறகு ஒவ்வொருவர் உட்காரும் இடத்திலிருந்தும் வாசல் வரை தானே எழுந்து நடந்து எண்ணுவார். மூன்று எண்ணுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். "மூணுக்கு மேல போச்சுன்னா அது ரூம் இல்லே, பெட்டி" என்பார்.

இந்த எண்ணிக்கை தொழிற்சாலையோடு நிற்கவில்லை. கல்யாண மண்டபத்தில் அவருக்கு முன்வரிசையில் இடம் போட்டாலும் கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலிக்குப் போய்விடுவார். பேருந்தில் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கை. இடுப்பில் பெல்ட் கிடையாது, கையில் கடிகாரம் கிடையாது, பின்வார் வைத்த செருப்பு போடுவதில்லை. உடம்பில் ஒன்றைக் கட்டினால் அதை அவிழ்க்க எவ்வளவு நேரம் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றும். வீட்டில் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் பதினெட்டு வருடமாகிறது. உள்ளே இருப்பவர் தொடர்ந்து சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "எங்க வீட்டுக்கு விருந்தாளியா வாரவுகளுக்கு இருமத் தெரிஞ்சிருக்கணும்" என்று அவர் மனைவி அய்யம்மாள் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

அவருடைய இரண்டு கைகளும் அதற்கு முந்தின வருடம் தொழிற்சாலையில் வெந்துபோனவை. பத்தொன்பது வருடத்துக்கு முன் ஓர் அறையில் தீப்பிடித்தபோது உள்ளே கூட வேலை பார்த்த கருப்பணன் இருந்தார். நான்கு கதவில் ஒன்றின் குறுக்கே யாரோ ஓர் அட்டைப்பெட்டியை வைத்திருந்தார்கள். அந்தக் கதவுக்குத்தான் கருப்பணன் வந்தார். பெட்டியை அப்புறப்படுத்திவிட்டு அவரை வெளியே இழுத்தவர் சங்கிலிமுத்து. கருப்பணன் பிழைக்கவில்லை. அதைப் பற்றி அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "ஏளு எண்ணு ஆகிப்போச்சு." விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே ஆறின. முழுதாக மூடவும் மாட்டா, நீட்டவும் மாட்டா. வலது கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். சோற்றை அள்ளித்தான் சாப்பிடுவார். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு வருகைப் பதிவேட்டில் அழகாகக் கையெழுத்துப் போடுவார்.

லட்சுமிகாந்தம் இரண்டு இருக்கைகளை எடுத்துக் கடையின் நடுவில் வைத்தார். காரில் குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் இருக்கைகள். ஒன்று பருத்தது, கருப்பு. மற்றது இலேசானது, முயல் படம் போட்டது. சங்கிலிமுத்து கருப்பு இருக்கையை முன்கைகளில் ஏந்தித் தூக்கினார்.

"ஏளே முக்கால் கிலோ."

பெட்டியின் பக்கவாட்டில் 7.8 என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர் அதைப் படித்துவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார். பட்டாசு மருந்து எடை போட்டுப் பழகிய கை, தூக்கினால் சொல்லிவிடும் என்றாள் பொன்மணி. அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பிள்ளை எம்புட்டு எடை இருக்கும்யா? அதை வச்சுத்தான் சீட்டு பாக்கணும்."

"ஆறு கிலோ நூறு," என்றார் உடனே.

பொன்மணி தரையைப் பார்த்தாள். பிறகு, "அது நாலாம் மாசத்துலப்பா," என்றாள். "இப்ப ஒம்பதரை."

பேத்தி பிரீத்திகாவுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. கடைசியாக அவர் அவளைத் தூக்கி ஏழு மாதம்.

அது பொன்மணி பிரசவம் முடிந்து தாய் வீட்டிலிருந்து சிவகாசியில் புருஷன் வீட்டுக்குப் போன நாள். அந்த நான்கு மாதமும் குழந்தையை அவர்தான் பெரும்பாலும் தூக்கிவைத்திருந்தார். விரல் பிடிக்காவிட்டாலும் முன்கை இரண்டும் தொட்டில்போலக் கூடிக்கொள்ளும். அன்றைக்கு மருமகன் காளீஸ்வரன் தான் வாங்கிய பழைய காரில் ஒரு குழந்தை இருக்கையைப் பொருத்திக்கொண்டு வந்திருந்தான். அச்சகத்தில் வேலை பார்ப்பவன். எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவன். குழந்தையை அதில் உட்காரவைத்துத் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவில் ஒன்று என்று பட்டைகளைப் போட்டு இறுக்கினான். பார்த்துக்கொண்டிருந்த சங்கிலிமுத்துவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தாயில்பட்டி வரும்வரை அந்தப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தாயில்பட்டி தாண்டியதும் முன்னால் போன லாரியின் தார்ப்பாய்க்குக் கீழிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. அந்தச் சாலையில் போகும் லாரிகளில் பாதி என்ன ஏற்றிப் போகின்றன என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எடுக்கும் நேரத்தில் குழந்தையை வெளியே எடுத்துவிடலாம் என்று நினைத்தார். அந்த இருக்கையின் பூட்டு பழசு, தளர்ந்துபோனது. முழங்கையால் அழுத்தியதும் திறந்துகொண்டது. குழந்தையை மடிக்கு எடுத்துக்கொண்டார். கதவுக் கைப்பிடியில் மணிக்கட்டை மாட்டினார். வேகத்தடையில் லாரி நின்றது. காளீஸ்வரன் பிரேக்கை மிதித்தான்.

அவருடைய கை பிடிக்காது. குழந்தை முன்சீட்டின் முதுகில் போய் மோதியது.

அது ஆலங்குளம் பக்கமிருந்து வந்த சுண்ணாம்புக்கல் லாரி. பறந்தது தூசி.

காறை எலும்பில் விரிசல். மூன்று வாரத்தில் கூடிவிடும் என்றார் மருத்துவர், கூடியும் விட்டது. காளீஸ்வரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொன்மணியும் கேட்கவில்லை. யாராவது திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும் என்று அய்யம்மாளிடம் அவர் பிறகு ஒருநாள் சொன்னார். அதன்பின் அவர் கையை நீட்டினால், "இருங்கப்பா, பால் குடுத்துக்கிடுதேன்" என்பாள் பொன்மணி. இன்னொரு தடவை, "இருங்கப்பா, தூக்கக் கலக்கத்துல இருக்கா." நான்காவது தடவைக்குப் பிறகு அவர் நீட்டுவதில்லை. காரில் போனால் பொன்மணி நடுவில் உட்காருவாள். ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் அப்பா.

இப்போது பிரீத்திகாவின் தலை பழைய இருக்கையின் விளிம்பைத் தாண்டிவிட்டது. கால் மடங்கி முட்டுகிறது. மறுநாள் குலதெய்வம் கோயிலில் அவளுக்கு முதல் மொட்டை. அதற்கு முன் புது இருக்கை வேண்டும். பொன்மணி போன் செய்து, "நீங்க வந்து எடுத்துக் குடுங்கப்பா" என்றாள். அவர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அங்கனயே நின்றதாக அய்யம்மாள் சொல்கிறாள். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாளைக்குக் கோயில் வாசலில் கார் நின்றதும், பட்டையை அவிழ்த்துப் பேத்தியைத் தன் கையால் எடுத்து இறக்க வேண்டும்.

எனவே கடைக்காரர் துணியின் தரம், உள்ளே வைத்த பஞ்சு, நான்கு வயதுவரை வரும் என்றெல்லாம் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. முயல் படம் போட்ட இருக்கையின் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பைக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் அமுக்கித் திறக்கும் கிளிப். அவர் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நெருக்கினார். திறந்தது.

"ரெண்டு எண்ணு," என்றார். முகம் தெளிந்துவிட்டது. மறுபடி மாட்டச் சொன்னார். மறுபடி திறந்தார். இரண்டு எண்ணு.

"அய்யா, ஒரு விசயம் சொல்லணும்," என்றார் லட்சுமிகாந்தம். "விக்கிறவன் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்லுதேன்." கிளிப்பை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். கிளிப் தெறித்துத் திறந்துகொண்டது.

கருப்பு இருக்கையின் பட்டைகளையும் அப்படியே இழுத்தார். இருக்கை முழுதும் தரையில் இழுபட்டு வந்ததே தவிரப் பட்டை அசையவில்லை. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். கட்டைவிரலை வைத்து ஊன்றி அழுத்தினால்தான் விடும். கடைக்காரர் அழுத்தினார், ஒரு எண்ணு. பொன்மணி அழுத்தினாள், இரண்டு.

சங்கிலிமுத்து வலது கையை அதன் மேல் வைத்தார். மடங்கிய விரல்களின் கணுவால் அழுத்திப் பார்த்தார். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தினார். இடது கையை வலது கையின் மேல் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்தார். பழைய இருக்கைக்குச் செய்ததுபோல முழங்கையையும் வைத்துப் பார்த்தார். பொத்தான் குழிக்குள் இருந்தது, முழங்கை உள்ளே போகவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. இருபதுக்கு மேல் அதுவும் நின்றது.

பொன்மணி பார்க்கப் பொறுக்காமல் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அப்பா, முயல் படம் போட்டதையே எடுப்போம். உங்க கைக்குத் தோதா இருக்கு. வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லுதேன்."

அவர் எழுந்து, தான் திறந்துவைத்த கதவு வழியாக வெளியே போய், குழந்தையோடு காரிலிருந்த காளீஸ்வரனை, "மாப்ளே, ஒரு நிமிசம் வாங்க" என்று கூப்பிட்டார். குழந்தை தூங்குகிறது என்றான் அவன். பொன்மணி போய்க் காரில் உட்கார்ந்தாள். உள்ளே வந்தவனிடம் சங்கிலிமுத்து கருப்பு இருக்கையைக் காட்டினார். பட்டையை மாட்டித் திறக்கச் சொன்னார். அவன் திறந்தான். இன்னும் ஒரு தடவை என்றார். மூன்று தடவை திறக்கவைத்தார். தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் ஆளை வாசலுக்கு நடக்கவைப்பதுபோலவே பக்கத்தில் நின்று எண்ணினார்.

"ஒண்ணரை எண்ணு," என்றார் கடைசியில். "பொன்மணிக்கு ரெண்டு. தொறக்க ரெண்டு பேர் இருக்கீக. போதும். இதையே போடச் சொல்லுங்க."

"மாமா, உங்களுக்கு…"

"நான் எதுக்கு மாப்ளே? என் கையை நம்பித்தான் அம்புட்டும் ஆச்சு."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஏழு மாதத்தில் மருமகனிடம் அந்தப் பேச்சு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. காளீஸ்வரன் பட்டையை இன்னொரு தடவை மாட்டினான். லட்சுமிகாந்தம் தேவையில்லாமல் ரசீதுப் புத்தகத்தைத் தேடினார். இருக்கையைப் பெட்டியோடு தானே தூக்கிக்கொள்வதாகச் சொல்லி, சங்கிலிமுத்து அதை முன்கைகளில் ஏந்தி, தலைப்பக்கம் இடது முழங்கைக்கு வரும்படி வைத்துக்கொண்டு காருக்கு நடந்தார். போகும்போது காலால் டயாப்பர் பெட்டியை நகர்த்தினார். கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கார் ஏழாயிரம்பண்ணைக்கு வந்தது. அய்யம்மாள் பொங்கல் பானையோடு முதல் பஸ்ஸிலேயே போயிருந்தாள். சங்கிலிமுத்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு தெருவில் நின்றார். பொன்மணி பின்சீட்டிலிருந்து இறங்கினாள். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தான் போய் முன்சீட்டில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்சீட்டில் கருப்பு இருக்கையில் பிரீத்திகா மட்டும் இருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கோயில் வைப்பாற்றுக்கு அந்தப் பக்கம். போக முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் வெடிபொருள் என்று சிவப்புப் பலகை மாட்டிய லோடு வேன் ஒன்று முன்னால் போனது. கொஞ்ச தூரத்தில் வேறு சாலையில் திரும்பிவிட்டது. குழந்தை ஒருமுறை அழுதது. பொன்மணி திரும்பிப் பார்த்தாள். மறுபடி சாலையைப் பார்த்தாள். குழந்தை தானாக அழுகையை நிறுத்தியது. இரண்டு வேகத்தடைகளில் கார் குலுங்கியது. கோயில் வாசலில் வேப்பமர நிழலில் காளீஸ்வரன் வண்டியை நிறுத்தினான். பொன்மணி இறங்கி வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாவிதர் காத்திருந்தார்.

சங்கிலிமுத்து இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதிலிருந்து தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கியிருந்த இரண்டு கைகளையும் அதன்பிறகுதான் வெளியே எடுத்தார். புறங்கைகளில் சீட்டுத் துணியின் கோடுகள் பதிந்திருந்தன.