தங்கைக்குச் செய்த கத்தி

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. கத்தி செய்வது, அவர் மனைவியின் வாக்குப்படி, 'பிடிச்ச பைத்தியம்'. வாரமெல்லாம் அடுக்குமாடிகளின் உச்சியில் மோட்டார் அறைக்குள் கிரீஸும் வியர்வையுமாகக் கிடப்பவர், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். பழைய கேஸ் சிலிண்டரை அறுத்து அவரே கட்டிய உலை ஒன்று அங்கே இருந்தது. லாரியின் வில்பட்டை, தேய்ந்துபோன அரம் என்று இரும்புக் கடையில் எந்தக் குப்பையைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு கத்தி படுத்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியும். அதைப் பழுக்கக் காய்ச்சி, தண்டவாளத் துண்டின் மேல் வைத்து அடித்து, எண்ணெயில் தோய்த்து எடுப்பார். சாணை பிடித்து முடித்ததும் முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்துக்கொள்வார். "உங்க ஒரு கை எப்பவும் மொட்டையா இருக்கே, வெளிய பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று மனைவி கேட்பாள்.

ஒரு கத்தியைக்கூட அவர் விற்றதில்லை. வேண்டியவர்கள் கேட்டால் ஜோசியக்காரர் மாதிரி அவர்கள் கையைப் பிடித்துப் பார்ப்பார். உள்ளங்கையின் அகலம், விரல் நீளம் எல்லாம் பார்த்து அதற்கேற்பத்தான் பிடி செதுக்குவார். அப்படிச் செய்ததிலேயே அவர் மனசுக்கு நிறைவானது தங்கைக்குச் செய்த கத்திதான்.

தங்கை அவரைவிட வெகுவாக இளையவள். கண்ணாடிக் கடையில் வேலை. அம்மா அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அவளும் மாப்பிள்ளையும் புது வீட்டுக்குக் குடிபோனபோது, அவள் இடக்கைக்காரி என்பதால் இடக்கைக்கென்றே பிடியை இழைத்து, சமையலறைக் கத்தி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தார். வலக்கையில் பிடித்தால் உறுத்தும். "இது உன் கையைத் தவிர யார் கையிலயும் நிக்காது" என்று பெருமை பீற்றிக்கொண்டார். அந்த வாரமே அவள் வீட்டுக் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் தங்கை தனியாக வந்தாள். பையிலிருந்து துண்டில் சுற்றிய கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணா, இத நீயே வெச்சுக்கோ."

"ஏன்? வெட்டலையா?"

"நல்லாத்தான் வெட்டுது."

"அப்புறம்? பிடிக்கலையா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பழைய கத்திதான் பழக்கம்ணா" என்றாள். போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

"அவ மூஞ்சியே சரியில்லைங்க. என்னன்னு கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? பிடிக்கலைன்னா பிடிக்கலை" என்று சுற்றிய துண்டைக்கூடப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டு மூடினார். ஊரே கொண்டாடுகிறது, கூடப் பிறந்தவள் திருப்பித் தருகிறாளே என்று மனசுக்குள் பொருமல். அதன்பின் தங்கை போன் செய்தாலும் "ம், சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளில் அவள் போன் செய்வதையும் விட்டுவிட்டாள்.

கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் கத்தி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். சும்மா கிடக்கிற கத்திக்குப் பிடியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டைப் பிரித்தார். முனையில் ஒரு அரிசி அளவுக்குக் காணவில்லை.

முதலில் வந்தது கோபம்தான். டப்பா மூடியை நெம்பியிருப்பாள், அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் திருப்பித் தந்திருக்கிறாள் என்று நினைத்தார். எவ்வளவு தேய்த்தால் முனை திரும்ப வரும் என்று பார்க்க வெளிச்சத்தில் பிடித்தார். உடைந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்கு, அலகின் இரண்டு பக்கமும் நேர்நேராகக் கீறல்கள். நெம்பினால் கீறல் அப்படி விழாது. வேகமாக எதிலோ இறங்கி ஏறினால்தான் விழும். கீறல்களுக்குள் வெளிர் பச்சை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பெயின்ட்.

அந்தப் பச்சை அவருக்குத் தெரியும். கடையில் தங்கை ஆசையாகத் தேர்ந்தெடுத்தது. அவள் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு மட்டும் அதை அடித்திருந்தார்.

கொட்டகையிலிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய் மனைவியிடம் காட்டினார். அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

தங்கை வீட்டுக் கதவைத் திறந்தவன் மாப்பிள்ளைதான். வாயெல்லாம் சிரிப்பு. "வாங்க மச்சான், வழி தெரிஞ்சுதா? எங்க பில்டிங் லிஃப்ட் கூட ஒரு மாதிரியா சத்தம் போடுது, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று தோளில் கை போட்டான். தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள்.

கை கழுவிட்டு வரேன் என்று அவர் குளியலறைப் பக்கம் போனார். பச்சைக் கதவின்மேல் பெரிய காலண்டர் ஒன்று மாட்டியிருந்தது. உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு பார்த்தார். பலகையைத் துளைத்துக்கொண்டு மூன்று வெட்டுகள், நகம் நுழையும் அளவுக்கு. அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தன. தங்கை இப்படி உள்ளே தாழிட்டுக்கொண்டு நின்றால் அது அவள் முகத்துக்கு நேர் என்பது உறைத்தபோது குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓட ஓட அப்படியே நின்றார்.

அவர் ஒன்றும் சண்டைக்காரர் அல்ல. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்து கண்டபடி திட்டினாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறவர். வெளியே வந்து மனைவியைப் பார்த்தார். மனைவிதான் ஆரம்பித்தாள்.

"எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இவ ஒரு வாரம் வந்து ஒத்தாசையா இருக்கட்டும்."

"அதுக்கென்னக்கா, அடுத்த வாரம் அனுப்பறேன்."

"இல்ல மாப்பிள்ளை, இப்பவே" என்றார் அவர். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"என்ன மச்சான் அப்படி அவசரம்?"

"கதவுல ஓட்டை இருக்கு."

மாப்பிள்ளையின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது பாட்டுக்கு முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. "அதுவா? ஏதோ ஒரு நாள் கோவம். கதவைத்தானே குத்தினேன், அவளையா குத்தினேன்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். கையில் ஒரு மாற்றுப் புடவைகூட இல்லை. அவன் வேகமாக வாசலுக்கு வந்தான். அவர் குறுக்கே நின்றார். மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார். "உன் கைக்குன்னுதானே பிடி போட்டேன். வேற யார் கையிலயும் நிக்காதேன்னு..."

"குத்தறதுக்குப் பிடி பொருந்தணும்னு ஏதாவது இருக்கா அண்ணா?" என்றாள் தங்கை. "வீட்ல மத்த கத்தி எல்லாம் மொக்கை. நீ செஞ்சது ஒண்ணுதான் வெட்டும். அதான் கொண்டாந்து குடுத்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லம்மா."

"சொல்லத்தான் வந்தேன். நீ கத்தி பிடிக்கலையான்னு கேட்ட."

அந்த வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போலீஸில் புகார் கொடுத்தபோது, கத்தி ஏது என்று கேட்டார்கள். "நான் செஞ்சது" என்று சொல்ல நாக்கு எழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அதையே பிடித்துக்கொண்டார்கள். அண்ணன்காரனே கத்தி செய்து கொடுத்துவிட்டு இப்போது நியாயம் பேசுகிறான் என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள்.

உலையை அவர் பற்ற வைக்கவில்லை. இதுவரை கொடுத்த கத்திகளெல்லாம் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்ற நினைப்பு பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. வேலை முடிந்து ஒவ்வொரு வீடாகப் போய் "கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்டார். பாராட்டு வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவர்கள் காய் நறுக்கிக் காட்டினார்கள். அவர் கத்தியைப் பார்க்காமல் வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் அந்தம்மாள் கணவனை முந்திக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்று பட்டென்று சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மனைவி ஒரு நாள் அதட்டினாள்: "ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் நீங்க காவல் இருக்க முடியுமா? நம்ம வீட்ல இருக்கறவளப் பாருங்க." அதற்குப் பிறகு போவதை நிறுத்தினார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டுத் தங்கையோடு போகிறார். நீதிமன்றத் தாழ்வாரத்துப் பெஞ்சில் இருவரும் பெரிதாகப் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். போன தடவை மாப்பிள்ளை வக்கீலோடு அந்த வழியாகப் போனான். நின்று, பழைய மாதிரியே சிரித்து, "மச்சான், சௌக்கியமா?" என்றான். பழக்க தோஷத்தில் அவர் தலை அசையப் போனது. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார். அவன் போன பிறகுதான் தங்கையின் கை தன் சட்டைக் கையை இறுகப் பற்றியிருப்பதைக் கவனித்தார்.

"போய்ட்டான்மா" என்றார்.

"தெரியும்ணா. நம்மளக் கூப்பிடறாங்க, எந்திரி."