தெரியாத துண்டுகளுக்கு ஒரு தட்டு

கல்லூரித் தொல்லியல் துறையில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. ஜன்னல் பக்கம் நான், பானை ஓடுகளோடு. கதவுப் பக்கம் எலும்பு மேடம். அகழாய்வில் கிடைக்கிற எலும்பு எந்த மிருகத்துடையது என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது. எனக்கு அவர் வைத்த பெயர் ஓட்டாண்டி.

மேடம் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். காலில் சக்கரம் கட்டிக்கொண்ட மாதிரி மேசைக்கு மேசை ஓடுவார். டீ ஆறிப்போகும், வேறு டீ வரும், அதுவும் ஆறும். விருந்துக்குப் போனால் தட்டில் மிஞ்சின எலும்பை இடது வலது என்று பிரித்துவைப்பார். அவர் மாமியார் தலையில் அடித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் ஒரே ஒரு பிடிவாதம். மேசையில் மாடு, வெள்ளாடு, செம்மறி, பன்றி என்று தட்டுகள் இருக்கும். கடைசியில் 'தெரியாது' என்று ஒரு தட்டு. எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறாய் என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால், துண்டு அங்கேதான் போக வேண்டும். அந்தத் தட்டைக் காலியாக வைத்திருக்கும் மாணவனை அவர் நம்ப மாட்டார்.

போன பருவத்தில் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்தது. கேமராவில் எலும்பைக் காட்டினால் திரை பெயர் சொல்லும், கேள்வி கேட்கும், மதிப்பெண் போடும். சும்மா குறை சொல்லக் கூடாது. முன்னங்கால் எலும்புக்கும் தொடையெலும்புக்கும் தடுமாறின பிள்ளைகள் அதோடு பழகித் தெளிந்தார்கள். ஆனால் அதற்குத் தெரியாது என்று சொல்ல வராது. எதைக் காட்டினாலும் ஒரு பெயர். துறைத் தலைவருக்கு அதுதான் பிடித்துப்போனது.

"பாதி வகுப்ப அதுகிட்டயே விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார்.

மேடத்துடையது தற்காலிக வேலை. வகுப்பு பாதியானால் சம்பளமும் பாதி. வீட்டுக்காரர் வேலை போய் வீட்டோடு இருக்கிறார். அன்றிலிருந்து மேடம் டீயைக்கூட மறந்துவிட்டார்.

முடிவுக்கு முன் ஒரு சோதனை. ஒரே பெட்டித் துண்டுகள், முதலில் திரை, பிறகு மேடம். தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மேடத்தின் கெட்டிக்கார மாணவி ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். திரை மளமளவென்று எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லி முடித்தது. பிறகு மேடம் ஆரம்பித்தார். மாடு, பன்றி, வெள்ளாடு, மறுபடி மாடு. அவ்வளவு வேகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தெரியாது தட்டு காலியாக இருந்தது.

இரண்டு முனையும் உடைந்துபோன ஒரு சின்னத் துண்டைச் செம்மறித் தட்டில் போட்டார். மாணவி அடுத்ததை எடுக்கவில்லை.

"மேடம், ரெண்டு பக்கமும் மூட்டே இல்லையே. செம்மறியா வெள்ளாடான்னு எத வச்சு சொல்றீங்க?"

மேடம் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்க்கு வந்த ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தால் தலைவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

"எத வச்சும் இல்லம்மா. பயத்துல சொல்லிட்டேன்" என்றார்.

அதைத் தெரியாது தட்டில் போட்டார். பிறகு மற்ற தட்டுகளிலிருந்தும் எடுத்து எடுத்துப் போட்டார். தட்டு நிறைந்துவிட்டது.

"அப்ப மிஷின் சொன்னதெல்லாம்?" என்றார் தலைவர்.

"பாதிக்கு மேல சரியாத்தான் இருக்கும் சார். எந்தப் பாதின்னு அதுக்கும் தெரியாது."

தலைவர் கெட்டவர் இல்லை. நிறைந்த தட்டைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், எழுந்து போய்விட்டார். மறுநாள் வகுப்பு பாதியானது. எனக்கு வந்த கோபத்தில் ஒட்டி முடித்த பானை ஒன்று கையிலேயே மறுபடி உடைந்துவிட்டது.

மாணவி அழுதுகொண்டே வந்தாள். "நான் கேட்டிருக்கக் கூடாது மேடம். வாய மூடிட்டு இருந்திருக்கணும்."

மேடம் ஓடவில்லை. அவள் முன்னால் வந்து நின்றார்.

"இன்னொரு தடவ இப்படிச் சொன்னன்னா உன்ன ஃபெயில் பண்ணிடுவேன்" என்றார்.