ஒரு பக்க அறிக்கையில் காணாமற்போன வரி

என் மருமகன் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினோராண்டுகளாக வேலை பார்க்கிறார். மருத்துவமனை என்ற சொல் காதில் விழுந்ததும் உறவினர்கள் அவரிடம் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பார்கள். அவரும் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் கம்ப்யூட்டருக்குத்தான் வைத்தியம் பார்க்கிறேன், பெரியப்பா" என்பார். அதுவும் முழு உண்மையன்று. கணினிகளைப் பழுதுபார்ப்பவர்கள் வேறு. அவை எப்படி இருக்கின்றன என்று மாதந்தோறும் எழுதிக் கொடுப்பதே இவர் வேலை.

அந்த மருத்துவமனையில் முப்பத்தெட்டு சர்வர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் நலத்தை ஒரு கண்காணிப்பு மென்பொருளுக்குத் தெரிவிக்கும். மாத முடிவில் அம்மென்பொருள், தன்னோடு வந்த டெம்ப்ளேட் என்னும் மாதிரிப் படிவத்தின்படி நாற்பது பக்க அறிக்கை ஒன்றைத் துப்பும். அதை எவரும் படிப்பதில்லை. என் மருமகன் அந்த டெம்ப்ளேட்டைப் பிரித்து, படிப்பவருக்கு ஏற்றவாறு வெட்டித் தைத்துக் கொடுப்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

அவர் வேலை செய்யும் முறை விசித்திரமானது. அறிக்கை கேட்பவரிடம், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கவே மாட்டார். பழைய நாற்பது பக்கங்களை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். தலைமைச் செவிலியர் பதினாறு பக்கங்களை மடமடவென்று புரட்டிவிட்டுப் பதினேழாம் பக்கத்தில் நின்றாராம். அங்கே வார்டுக் கணினிகள் எத்தனை மணி நேரம் முடங்கின என்ற கணக்கு இருந்தது. "மத்த முப்பத்தொன்பது பக்கம் யாருக்கு, தம்பி?" என்று அவர் கேட்க, அடுத்த மாதம் முதல் அவருக்கு அரைப் பக்க அறிக்கைதான் போனது.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் செய்தித்தாள் படிக்கும்போதும், என் மகள் மின்கட்டண அறிவிப்பைப் பார்க்கும்போதும் அவர் பார்வை எங்கள் விரல்மேல் இருக்கும். "நான் ஒண்ணும் உங்க ஆஸ்பத்திரி இயக்குநர் இல்லை, கண்ணை எடுங்க" என்பாள் மகள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிறர் பார்வை எங்கே போகிறது என்று நாள் முழுவதும் கவனித்துக் களைத்து வருபவளுக்கு, வீட்டிலும் அப்படியொருவர் கிடைத்தது விதிதான்.

இயக்குநரின் அறிக்கைதான் எல்லாவற்றிலும் கடினமானது. அவர் ஒரு பக்கத்துக்கு மேல் எதையும் படிக்கமாட்டார். அதையும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். என் மருமகன் எவ்வளவு வெட்டியும் அது ஒரு பக்கமும் நான்கு வரிகளுமாகவே வந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் இயக்குநரின் கண்ணுக்கு எட்டாது. அந்த நான்கு வரிகளும் எப்போதோ ஓய்வுபெற்று, பட்டியலில் மட்டும் தங்கிவிட்ட நான்கு பழைய எந்திரங்களுக்கு உரியவை. அவற்றை முறைப்படி நீக்க அரைநாள் வேலை பிடிக்கும். டெம்ப்ளேட்டின் ஓரத்திலோ, "தரவு இல்லாத வரிகளை மறை" என்று ஒரு சிறு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டார். நான்கு வரிகளும் மறைந்தன. அறிக்கை ஒரே பக்கத்தில் அடங்கியது. அன்று மாலை ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். எதற்கென்று கேட்டதற்கு, "நாலு வரிக்கு, அத்தை" என்றார்.

இது நடந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு, அந்த ஒரு பக்க அறிக்கையை நிர்வாகத்தின் மற்ற இரண்டு மருத்துவமனைகளிலும் கொண்டுவரலாம் என்று பேச்சு எழுந்தது. மூன்றுக்கும் சேர்த்து என் மருமகனைப் பொறுப்பாளர் ஆக்குவதாக இயக்குநரே சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். அவர் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம் தம் சட்டைகளை ஒருமுறைக்கு இருமுறை தேய்த்தார்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்வார். அன்று நண்பகல், சாப்பாட்டு மேசையில் இருந்தபோது, ஸ்கேன் அறையின் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். பணி ஓய்வுக்கு இன்னும் ஓராண்டே உள்ள அம்மையார் அவர். கையில் சோறு இருந்ததால் மருமகன் ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"தம்பி, இயக்குநர் தாளோட போன மாச நகலை இப்பத்தான் பார்த்தேன். மருந்தகத்துக்கு அடுத்து ரத்த வங்கி வருது. நடுவுல நாங்க இருந்தோமே, எங்க போனோம்?"

மருமகன் சிரித்துக்கொண்டே, "எங்க போயிடுவீங்க அக்கா, பார்க்கிறேன்" என்று சொல்லத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றது. கையைக் கழுவாமலேயே எழுந்து, இடக்கையால் கணினியைத் திறந்தார்.

நடந்தது இதுதான். இரண்டு மாதங்களுக்கு முன் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் எந்திரத்தின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பழைய கடவுச்சொல்லைக் கொண்டுதான் அது தன் நலத்தைத் தெரிவித்துவந்தது. நாள்தோறும் படங்களுக்கு மறுபிரதி எடுத்ததும் அதைக் கொண்டே. இரண்டும் ஒரே நாளில் நின்றுவிட்டன. எந்திரம் பேசவில்லை, ஆகவே தரவு இல்லை. தரவு இல்லாததால், ஒன்றரை ஆண்டுக்கு முன் போட்ட அந்த டிக் அதன் வரியையே மறைத்துவிட்டது. இயக்குநரின் தாளில் எல்லா வரிகளும், நலம் என்று காட்டும் பச்சையாகவே இருந்தன. இல்லாத வரிக்கு ஏது நிறம்?

அறுபத்தொரு நாள் படங்கள் ஒரே ஓர் எந்திரத்தில், மறுபிரதியின்றி இருந்தன. அது பழுதானால் எத்தனையோ பேர் மீண்டும் வந்து படுத்து ஸ்கேன் எடுக்கவேண்டியிருக்கும்; சிலர் வரும் நிலையிலேயே இருக்கமாட்டார்கள். மருமகன் முதலில் ஸ்கேன் அறைக்குப் பேசி உள்ளதை உள்ளபடி சொன்னார். பிறகு புதிய கடவுச்சொல்லைப் பதித்து, மறுபிரதி எடுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். ஞாயிறு நண்பகல் வரை ஆகும் என்று கணினி சொன்னது. அதுவரை அவர் அந்த எண்ணிக்கையைப் பார்த்தபடியே சாப்பிட்டார், பார்த்தபடியே பேசினார்.

என் மகள் மாலையில் வந்து கதை முழுவதையும் கேட்டாள். "கண்ணாடியில தெரியலைன்னா பின்னால வண்டியே இல்லைன்னு நினைக்கிறவங்களைத்தான் நான் தினமும் திட்டுறேன். வீட்டிலயும் ஒருத்தர் இருக்கீங்க" என்றாள். அவர் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். அதைக் கண்டு அவளும் மேலே திட்டாமல், அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஞாயிறு மதியம் மறுபிரதி முழுமையாக முடிந்தது. ஒரு படமும் கெடவில்லை. அந்த நற்செய்தியைக் கொண்டாட, அவரோடு வேலை செய்யும் நெட்வொர்க் பிரிவு நண்பர் பைக்கில் வந்தார். வந்தவர் தேநீரைக் குடித்துக்கொண்டே ஒரு யோசனையும் சொன்னார். எந்திரம் இப்போது பேசுகிறது. அதன் வரியும் பச்சையாகிவிட்டது. டிக்கை எடுத்துவிட்டால் கதை முடிந்தது.

"ஸ்கேன் அக்கா யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. பேசாம பச்சைத் தாளைக் கொடுத்துட்டு வா, கத்தரி. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் மூணு ஆஸ்பத்திரிக்கும் நீதான்."

"அந்த ரெண்டு இடத்துக்கும் இதே டெம்ப்ளேட்தானே போகுது" என்றார் மருமகன்.

"டிக்கை எடுத்துட்டுத்தானே அனுப்பப்போற?"

"நான் எடுத்துடுவேன். ஒரு பக்கத்துல அடங்கலைன்னா அங்க இருக்கிறவன் திரும்பப் போடுவான். ஏன் போடக்கூடாதுன்னு அவனுக்கு யார் சொல்றது?"

நண்பர் என்னைப் பார்த்தார், நானாவது எடுத்துச் சொல்வேன் என்ற நம்பிக்கையில். நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ ஆண்டு வருகைப் பதிவேடு வைத்திருந்தவள். வராத பிள்ளையின் பெயரை அதில் மறைக்க வழியில்லை. ஆனாலும் அந்தப் பதவி அவருக்குக் கிடைக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருந்தது. எனவே காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு புதிய தாளைச் செய்தார். ஒன்றரை ஆண்டுக்கு முன் தவிர்த்த அரைநாள் வேலையை முதலில் முடித்தார். நான்கு பழைய எந்திரங்களும் பட்டியலிலிருந்து முறைப்படி விடைபெற்றன. பேசாத எந்திரத்துக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, "செய்தி இல்லை" என்று அதற்கொரு வரியும் அமைத்தார். எத்தனை எந்திரங்கள் பேசவேண்டும், எத்தனை பேசின என்ற கணக்கை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அதற்குக் கீழே தம் தவற்றை எழுதவேண்டியிருந்தது. இடம் போதவில்லை, பக்கம் மறுபடியும் இரண்டு வரி நீண்டது. அதிகம் யோசிக்கவில்லை. மருத்துவமனையின் சின்னத்தையும் இயக்குநரின் பெயரையும் உச்சியிலிருந்து வெட்டி எறிந்தார்.

மாலையில் தாளை அச்சிட்டு என்னிடம் நீட்டினார். ஸ்கேன் எந்திரத்தில் அறுபத்தொரு நாள் மறுபிரதி எடுக்கப்படவில்லை என்றும், இந்த அறிக்கையில் நான் செய்த மாற்றமே அதை மறைத்தது என்றும் அதில் இருந்தது.

"'நான்'னு போட்டிருக்கீங்களே, மாப்பிள்ளை. 'கணினிப் பிரிவு'ன்னு போடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"போட்டுப் பார்த்தேன், அத்தை. 'நான்'னா இடம் கம்மி."

செவ்வாய்க்கிழமை மகளுக்கு மூன்று வகுப்புகள் இருந்தன. கார் பணிமனையில் நிற்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். கார் வாசலில்தான் நின்றது.

மருமகன் ஐந்தரை மணிக்கு வந்து, செருப்பைக் கழற்றியபடியே சொன்னார். இயக்குநர் தாளை மடிக்காமல் இருமுறை படித்தாராம். பிறகு, மென்பொருளின் தவறா, உங்கள் தவறா என்று கேட்டாராம். டிக் போட்டது நான்தான் என்று இவர் சொல்லியிருக்கிறார். பொறுப்பாளர் பதவியைப் பற்றி ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. புதிய அறிக்கை மட்டும் அடுத்த மாதமே இரண்டு இடங்களுக்கும் போகும். அதற்குள் அங்குள்ளவர்கள் தங்கள் எந்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் தரவேண்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டார். கூட்டம் கலைவதற்குள் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. அங்கே இரண்டு எந்திரங்கள் மார்ச் மாதத்திலிருந்து பேசவில்லை.

"டிக் போட்டது நான்தான்னு கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்" என்றாள் மகள்.

"மெதுவாத்தான் சொன்னேன். அப்ப பார்த்து எல்லாரும் அமைதியா இருந்துட்டாங்க."

இரவு உணவுக்கு முன்பே நாற்காலியில் சாய்ந்தவாறு அவர் உறங்கிவிட்டார். மகள் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, சமையலறையிலிருந்து தன் தோழியை அழைத்தாள். "ஆறு மாசம் தள்ளிப்போச்சு. ஆமா, யாரும் கேக்கவே இல்லை, இவரே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாரு. என்ன சொல்றது இந்த மனுஷனை" என்று சொல்வது எனக்குக் கேட்டது. திட்டும் சொற்கள்தாம். ஆனால் அதே கதையை அன்றே இன்னும் இரண்டு பேரை அழைத்துச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளில் எழுதியிருந்ததை வரி பிசகாமல் ஒப்பித்தாள்.